படுகையைக் காக்கும் துணி

காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி மெரினா நீர்த்தேக்கத்தில் சேரும் அதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். காவிரியையோ பகாங் ஆற்றையோ பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு வாய்க்காலாகத்தான் தெரியும். ஆயினும், பல குடியிருப்புப் பேட்டைகளில் விழும் மழைநீரைச் சுமந்து செல்வது அந்தச் சிறிய ஆறுதான். பீஷான் வட்டாரத்தில் அது நெடுங்காலம் ஆறாகவே இருக்கவில்லை. 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேராகக் கட்டப்பட்ட கான்கிரீட் கால்வாயாக இருந்தது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள், இரண்டுக்கும் நடுவே கால்வாய்.

கால்வாயைக் கான்கிரீட்டில் கட்டியவர்கள் காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நீர் தெருக்களில் தேங்காமல் விரைவாகக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழவழப்பான, நேரான கான்கிரீட் கால்வாய் அந்த வேலையைச் செவ்வனே செய்தது. அதன் தரையும் சுவரும் எளிதில் அரிக்கப்படுவதுமில்லை.

2006ஆம் ஆண்டில் பொதுப் பயனீட்டுக் கழகம், நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ளவையாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பீஷான் கால்வாயின் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவின் நடுவே வளைந்து நெளிந்து ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. கேட்பதற்கு இனிமையான முடிவுதான். ஆனால், பொறியாளர்களின் முன்னால் கடினமான ஒரு கேள்வி நின்றது. கான்கிரீட்டை எடுத்தால் மிஞ்சுவது மண். வெள்ளம் பாயும்போது அந்த மண் அங்கேயே இருக்குமா?

இருக்காவிட்டால் கேடு பூங்காவோடு நிற்காது. 2008இல் மெரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதன்பின் காலாங் ஆறு கடலில் கலப்பதில்லை. குடிநீருக்கு உதவும் மெரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. பீஷானில் கரைந்த ஒவ்வொரு பிடி மண்ணும் அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் வண்டலாகப் படியும். கரை சரிந்தால் அருகிலுள்ள நடைபாதையும் பாலமும் ஆட்டம் காணும். அழகுக்காகச் செய்த வேலை ஆபத்தாக முடிந்துவிடக் கூடாது.

ஓடும் நீர் மண்ணை எவ்வாறு கொண்டுபோகிறது? படுகையின்மேல் ஓடும் நீர், அங்குள்ள துகள்களைத் தான் செல்லும் திசையில் இழுக்கிறது. துகளின் எடையும், அது பக்கத்துத் துகள்களோடு கொண்டுள்ள பிடிப்பும் அந்த இழுவையை எதிர்க்கின்றன. இழுவை மிஞ்சினால் துகள் புரளும், துள்ளும், பிறகு மிதந்து போகும். இதில் பலரும் அறியாத ஒரு கணக்கு உண்டு. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்கும் ஆவதில்லை. 64 மடங்காகிறது. எடை வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து மாறுவதே இதற்குக் காரணம். 50 கிராம் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்த ஓடை, வேகம் இரட்டிப்பானதும் 3.2 கிலோகிராம் கல்லை உருட்டத் தொடங்கிவிடும். மற்ற நாள்களில் சாதுவாகக் கிடக்கும் ஓடை, ஒரு மணி நேர மழையில் கரையையே பெயர்த்துக்கொண்டு போவதன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் பெரிய கற்களைக் கொட்டிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். உலகெங்கும் மக்கள் முதலில் செய்தது அதைத்தான். ஆனால், மணற்படுகையின்மேல் வெறுமனே கொட்டப்பட்ட கற்கள் சில வெள்ளங்களுக்குப் பிறகு காணாமற்போகும். அவற்றை யாரும் எடுத்துச் செல்வதில்லை. வெள்ளமும் எப்போதும் அடித்துச் செல்வதில்லை. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்த நீர் சுழன்று, அடியிலுள்ள நுண்ணிய மணலை உறிஞ்சி வெளியேற்றுகிறது. மணல் போகப் போக, கல் கீழே இறங்குகிறது. இறுதியில் கற்கள் முழுவதும் புதைந்துபோக, படுகை மறுபடியும் திறந்து கிடக்கும்.

கல்லுக்கும் மணலுக்கும் இடையே ஒரு வடிகட்டி வேண்டும் என்பது இதனால் புரிந்தது. மணலின்மேல் பருமணல், அதன்மேல் சிறுகல், அதன்மேல் பெருங்கல் என்று அடுக்கினால், கீழடுக்கின் துகள் மேலடுக்கின் சந்துக்குள் நுழைய முடியாது. ஒவ்வோர் அடுக்கின் பருமனும் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி விதி வகுத்துக் கொடுத்தார். தரையில் இதைச் செய்துவிடலாம். ஓடும் நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், சில அங்குல கனத்தில் மணலையும் சிறுகல்லையும் சீராகப் பரப்புவது எப்படி? பரப்பும்போதே பாதி ஓடிவிடும்.

இந்த இடத்தில்தான் துணி வருகிறது. பாலிபுரோப்பிலின், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளால் நெய்யப்பட்ட, அல்லது ஊசியால் குத்திக் கம்பளம்போல் பிணைக்கப்பட்ட உறுதியான துணி அது. ஜியோடெக்ஸ்டைல் என்று பொறியாளர்கள் அழைக்கும் அதைத் தமிழில் புவித்துணி எனலாம். மண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் இத்தகைய செயற்கைப் பொருள்கள் பல உள்ளன. மண்ணுக்கு வலுவூட்டும் வலைகள், தேன்கூட்டைப்போல் விரிந்து மண்ணை அறை அறையாகப் பிடித்துவைக்கும் சட்டங்கள், மணல் நிரப்பிய பெரும் பைகள், நீரே புகாத விரிப்புகள் எனப் பட்டியல் நீளும். ஆனால், ஆற்றுப்படுகையைக் காப்பதில் முதன்மையான இடம் புவித்துணிக்கே உரியது.

அதனிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பண்புகள். அது மண்ணை விடக் கூடாது. நீரை விட வேண்டும். டீ வடிகட்டும் துணியைப் போல என்று சொன்னால் விளங்கும். தூள் உள்ளே நிற்கிறது, டீ கீழே இறங்குகிறது. துணியின் துளை பெரிதாக இருந்தால் மணல் கசியும். மிகச் சிறிதாக இருந்தால் நுண்மண் அடைத்துக்கொண்டு நீர் வெளியேற வழியிருக்காது. ஆகவே, எந்த இடத்து மண்ணோ அந்த இடத்து மண்ணைச் சலித்துப் பார்த்து, அதற்கேற்ற துளையுள்ள துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் ஆற்றுக்குப் பொருந்திய துணி அடுத்த ஆற்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டால் மண் கொஞ்சமும் வெளியேறாதே என்று கேட்கலாம். வெள்ளத்தின்போது கரை மண் முழுவதும் நீரில் ஊறிவிடுகிறது. வெள்ளம் வடிந்ததும் ஆற்றின் மட்டம் சட்டென இறங்குகிறது. ஆனால், கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு விரைவாக இறங்குவதில்லை. அது வெளியே வரத் துடிக்கும். வழி அடைபட்டிருந்தால் பின்னாலிருந்து விரிப்பைத் தள்ளும். விரிப்பும், அதன்மேல் வைத்த கல்லும், சில சமயம் கரையும் சேர்ந்து சரிந்துவிடும். வெள்ளம் ஏறும்போது தப்பிய கரை, இறங்கும்போது விழுவது இதனால்தான்.

இந்தத் துணி பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வந்ததன் பின்னணியில் ஒரு பேரிடர் இருக்கிறது. 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இரவு, வடகடலில் எழுந்த புயலலைகள் நெதர்லாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள கரையணைகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தன. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் டச்சுக்காரர்கள் கடல் உள்வாங்கியிருந்த கழிமுகங்களை அணைகட்டி அடைக்கத் தீர்மானித்தார்கள். கழிமுகத்தை இருபுறமிருந்தும் அடைத்துக்கொண்டு வரும்போது நடுவிலுள்ள இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினால் நீரோட்டம் விரையும். விரைந்த நீரோட்டம் அடிமணலைத் தோண்டும். அணையை அமைக்க அமைக்க, அது நிற்க வேண்டிய தரையே கீழே போய்க்கொண்டிருக்கும் என்பதுதான் சிக்கல்.

டச்சுக்காரர்களிடம் இதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது. வில்லோ மரக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துப் பெரிய மெத்தைகளாக முடைவார்கள். அவற்றை நீரில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, கற்களை ஏற்றி அடியில் மூழ்கச் செய்வார்கள். நல்ல வழிதான். ஆனால், புதிய திட்டத்திற்குத் தேவைப்பட்ட அளவுக்குக் குச்சியும் கிடைக்கவில்லை, முடையத் தெரிந்த கைகளும் கிடைக்கவில்லை. எனவே, நைலான், பாலிபுரோப்பிலின் துணிகள் அந்த இடத்தைப் பிடித்தன. பழைய முறை முற்றிலும் மறையவில்லை என்பது சுவையான செய்தி. இன்றும் புவித்துணியின்மேல் குச்சிக்கட்டுகளைச் சட்டம்போல் கட்டி, அந்தச் சட்டத்தின் உதவியால் மிதக்கவைத்து இழுத்துச் செல்வதுண்டு.

அதே காலகட்டத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் ராபர்ட் பாரெட் என்பவர் கான்கிரீட் கட்டைகளுக்கு அடியில் நெய்த பிளாஸ்டிக் துணியை வடிகட்டியாக விரித்தார். அந்த அனுபவத்தை 1966இல் கட்டுரையாக வெளியிட்டார். ஜியோடெக்ஸ்டைல் என்ற பெயர் பிறந்தது அதற்கும் பின்னர்தான். 1977இல் பிரெஞ்சுப் பொறியாளர் ழான் பியர் ஜிரூ அந்தச் சொல்லை உருவாக்கினார். பெயர் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே துணி வேலையைத் தொடங்கிவிட்டது.

நெதர்லாந்தின் திட்டத்தில் ஆகப் பெரிய கட்டுமானம் கிழக்கு ஸ்கெல்ட் புயலலைத் தடுப்பணை. 1986இல் நிறைவடைந்த அதில் 65 பெருந்தூண்கள் கடலடி மணலின்மேல் நிற்கின்றன. தூண்களுக்கு அடியில் மணலையும் சிறுகல்லையும் துணிக்குள் பொதிந்து செய்த மெத்தைகள் விரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மெத்தையும் 200 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் உடையது. உருளையில் சுற்றிய பாயை விரிப்பதுபோல அவற்றைக் கடலடியில் விரிப்பதற்கென்றே தனிக் கப்பல் ஒன்று கட்டப்பட்டது.

கற்கள் கிடைக்காத நாடுகளுக்கும் துணி கைகொடுத்திருக்கிறது. பங்ளாதேஷ் பெரும்பாலும் வண்டல் நிலம். அங்கே யமுனா ஆறு ஆண்டுதோறும் கரைகளைத் தின்று, வயல்களையும் வீடுகளையும் விழுங்குகிறது. அங்கே புவித்துணியால் தைத்த பைகளில் ஆற்று மணலையே நிரப்பி, படகிலிருந்து கரையோரம் இறக்குகிறார்கள். அடியில் பள்ளம் விழும்போது மேலிருக்கும் பைகள் உருண்டு இறங்கி அந்தப் பள்ளத்தை மூடிவிடுகின்றன. மண்ணைத் திருடும் ஆற்றுக்கு அதன் மணலையே காவல் வைத்தது போன்ற ஏற்பாடு இது.

படுகையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின்மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் எடுத்துக்காட்டு. 1954இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தூண்களைச் சுற்றிக் காப்புக் கற்கள் போடப்பட்டிருந்தன. காலப்போக்கில் வெள்ளங்கள் அவற்றை அகற்றிவிட்டன. போதிய அளவு மறுபடியும் போடப்படவில்லை. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பெருவெள்ளத்தின் நடுவே ஒரு தூண் தன் அடித்தளத்தோடு சாய்ந்தது. பாலம் விழுந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். பாலத்தின்மேல் வண்டியோட்டிச் சென்றவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மேலே சாலை வழக்கம்போல் இருந்தது. குழி விழுந்தது கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில். படுகை அரிப்பின் கொடுமையே இதுதான்.

பீஷானில் திட்டமிட்டவர்கள் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள். ஐரோப்பாவில் வெற்றி பெற்ற முறை, வெப்பமண்டல மழையில் நிற்குமா என்பது அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. குளிர்நாட்டு வில்லோ இங்கே வளராது. எந்த உள்ளூர்ச் செடியின் வேர் கரையைப் பிடிக்கும் என்பதையும் கண்டறிய வேண்டியிருந்தது. எனவே 2009இல், பூங்காவின் ஓரத்திலிருந்த ஒரு வடிகாலில் ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்திற்குச் சோதனைக் கரை அமைத்தார்கள். பத்து வகையான முறைகளும் பல்வேறு செடிகளும் அங்கே பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏழு முறைகள் ஆற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு பெரிய ஆற்றில் கைவைக்கும் முன் ஒரு சிறிய வடிகாலிடம் பாடம் கேட்ட இந்த நிதானம் பாராட்டத்தக்கது.

தேர்ந்தெடுத்த முறைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஓரிடத்தில் மண்ணைத் துணியில் பொட்டலமாகச் சுற்றி, பொட்டலத்தின்மேல் பொட்டலமாகப் படிக்கட்டுபோல் அடுக்கி, அவற்றுக்கு இடையே இளஞ்செடிகளைச் செருகினார்கள். வேறோரிடத்தில் சரிவின்மேல் துணியை விரித்து, அதன் வழியே செடிகளை நட்டார்கள். நீரோட்டம் மோதும் இடங்களில் கற்களைப் போட்டு, அவற்றின் சந்துகளில் தழைக்கும் குச்சிகளை ஊன்றினார்கள். கம்பிவலைக் கூடைகளில் கற்களை நிரப்பியும் வைத்தார்கள். வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக மோதும்; உட்புறத்தில் மெதுவாகச் சென்று மணலைப் படியவிடும். ஆகவே, வெளிவளைவுக்குக் கூடுதல் காவல் தேவைப்படுகிறது.

இம்முறைகளில் துணியும் செடியும் பங்காளிகள். நட்ட அன்றே செடி மண்ணைப் பிடித்துவிடாது. வேர் இறங்கச் சில மாதங்களாவது வேண்டும். அதுவரை வெற்று மண்ணைத் துணி காக்கிறது. வேர்கள் பரவியபின் அவையே வலையாகின்றன. செயற்கைத் துணி நீண்ட நாள் உழைக்கும் இடங்களுக்கு ஏற்றது. சில மாதங்கள் அல்லது சில ஆண்டுகள் மட்டும் காவல் போதும் என்றால் தென்னைநார் வலையே போதுமானது. தென்னைநாரில் லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருப்பதால், அது சணலைவிட நீண்டகாலம் மட்காமல் இருக்கும். பிறகு மண்ணோடு மண்ணாகிவிடும். ஆங்கிலத்தில் தென்னைநாரைக் குறிக்க வழங்கும் ‘காயர்’ என்ற சொல் மலையாளத்திலிருந்து சென்றது. அது தமிழின் ‘கயிறு’ என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. கேரளத்தில் வாய்க்கால் கரைகளைக் காக்கவும் இந்தத் தென்னைநார் விரிப்புகள் பயன்படுகின்றன.

நல்ல துணி வாங்கினால் மட்டும் போதாது. விரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு துணிகள் சேரும் இடத்தில், மேலோட்டப் பக்கத்துத் துணி கீழோட்டப் பக்கத்துத் துணியின்மேல் படிய வேண்டும். கூரையில் ஓடு வேய்வதும் இப்படித்தான். மாற்றிப் போட்டால் ஓடும் நீர் விளிம்பைத் தூக்கி, உள்ளே புகுந்து, முழுத் துணியையும் உரித்துவிடும். சரிவின் உச்சியிலும் அடியிலும் பள்ளம் தோண்டித் துணியின் ஓரங்களைப் புதைக்க வேண்டும். பெரிய கற்களை உயரத்திலிருந்து போட்டால் துணி கிழியும். கிழிந்த இடத்தின்மேலேயே கல் கிடப்பதால் அது வெளியே தெரியாது. பாலிபுரோப்பிலின் தண்ணீரைவிட இலேசானது. அதனால் நீருக்கடியில் விரிக்கும்போது உடனுக்குடன் பாரம் ஏற்றாவிட்டால் மிதந்து மேலே வந்துவிடும். வெயிலும் அதற்குப் பகை. திறந்த வெயிலில் நெடுநாள் கிடந்தால் இழைகள் நொறுங்கும்.

செயற்கைத் துணியின்மீது இன்னொரு குறையும் உண்டு. அது பிளாஸ்டிக். கல்லாலும் மண்ணாலும் மூடப்பட்டிருக்கும்வரை பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும். அந்த நீடிப்பே, அது வெளியே தெரியும் நாளில் தொல்லையாகிறது. வெயில் பட்டு நைந்த துணியின் துகள்கள் ஆற்றில் கலக்கும். தென்னைநார் போதுமான இடத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஆழமான நீரில் பாலத்தூணைக் காக்கும் இடத்தில் தென்னைநாரை நம்பியிருப்பதும் அறிவுடைமையாகாது.

பீஷான்-அங் மோ கியோ பூங்கா 2012ஆம் ஆண்டு மார்ச்சில் புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாகியிருந்தது. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்வரைதான். இப்போது பெருமழையில் நீர் ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்திற்குப் பரவ முடியும். அதனால் ஆறு கொண்டுசெல்லக்கூடிய நீரின் அளவு ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது. அகலமாகப் பரவும் நீர் மெதுவாகவும் ஓடும். ஆறாம் அடுக்குக் கணக்கை நினைத்துப் பார்த்தால், வேகத்தில் சிறிதளவு குறைந்தாலும் அரிப்பு எவ்வளவு குறையும் என்பது புரியும். பெயர்த்தெடுத்த கான்கிரீட் பாளங்களும் வீணாகவில்லை. பூங்காவிலேயே ஒரு குன்றாக அவை எழுப்பப்பட்டுள்ளன. சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் அங்கே குடிவந்தது. அவற்றுக்குச் சோதனைக் கரையைப் பற்றியோ புவித்துணியைப் பற்றியோ கவலையில்லை. மீன் கிடைத்தது, வந்தன.

மழை வலுக்கும்போது ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேலேறிச் செல்ல, நீர்மட்ட உணர்கருவிகளோடு இணைந்த சங்கொலியும் எச்சரிக்கை விளக்குகளும் உள்ளன. வெள்ளம் வடிந்தபின் கரையைப் பார்வையிடுவோருக்கு வேறு வேலை இருக்கும். இத்தகைய கரைகளில் அவர்கள் முதலில் தேடுவது விழுந்த மரத்தையோ ஒதுங்கிய குப்பையையோ அல்ல. செடி பெயர்ந்து மண் தெரியும் இடத்தையும், துணியின் விளிம்பு எட்டிப் பார்க்கும் இடத்தையும்தான். அங்கே மண் நிரப்பி, துணியை மறுபடியும் புதைத்து, புதிய செடிகளை நட வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம், அடுத்த மழை வரும்வரை மட்டுமே.